இரண்டு குழாய்க்கும் எட்டாத குடல்

ரத்தசோகைக்கு மாதக்கணக்கில் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் குழாய் விட்டுப் பார்த்தாயிற்று. இரண்டு ரிப்போர்ட்டிலும் 'நார்மல்'. தருமபுரி மாவட்டத்தின் மொரப்பூரிலோ அரூரிலோ இருக்கும் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால், நோயே இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இரைப்பைக்கான எண்டோஸ்கோபி சிறுகுடலின் தொடக்கத்தோடு நின்றுவிடும். கொலோனோஸ்கோபி பெருங்குடலைச் சுற்றிவந்து சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டரை மட்டுமே எட்டிப் பார்க்கும். நடுவே பல மீட்டர் நீளக் குடலை யாரும் பார்க்கவே இல்லை. குடல்வழி ரத்தக் கசிவுகளில் ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே தேடல் தொடர வேண்டும். ஆனால் முறைப்படி தொடர வேண்டும்.

அந்த நடுப்பகுதியைப் பார்க்க இன்று இரண்டு வழிகள் உண்டு. 2001-இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்த கேப்சூல் கேமரா சுமார் 26 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும். இடுப்பில் கட்டிய பெட்டியில் படங்கள் பதிவாகும். நொடிக்கு 2 படம் வீதம் 8 மணி நேரத்தில் 50,000-க்கும் மேல் சேரும். அத்தனையையும் ஒரு மருத்துவர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். மற்றொன்று, ஜப்பானிய மருத்துவர் ஹிரோனோரி யமமோட்டோ உருவாக்கிய இரட்டை பலூன் என்டரோஸ்கோபி. பலூன்களை மாற்றி மாற்றி ஊதிப் பிடித்து, பாவாடையில் நாடா கோர்ப்பதுபோலக் குடலைச் சுருக்கிச் சுருக்கிக் குழாயின் மேல் ஏற்றுவார்கள். மயக்க மருந்து தேவை, நேரமும் பிடிக்கும். ஆனால் கேப்சூலால் முடியாத இரண்டு வேலைகளை இது செய்யும்: சதைத்துணுக்கு எடுக்கும், கசியும் இடத்தைச் சுட்டு அடைக்கும்.

வலியில்லாத கேப்சூல் இருக்கும்போது அதையே முதலில் விழுங்கினால் என்ன என்று கேட்கலாம். நம் நாட்டில் குடல் காசநோய் அரிதானதல்ல. அது குடலைச் சுருக்கிவிடும். சுருங்கிய இடத்தில் கேப்சூல் சிக்கினால் அறுவை சிகிச்சை வரை போக நேரலாம். சாப்பிட்டபின் வயிறு உப்பி முறுக்கி வலிக்கிறவர், குடலில் முன்பு ஆபரேஷன் ஆனவர் முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. மேலும், காசநோய்ப் புண்ணும், நாள்பட்ட குடல் அழற்சியான குரோன் நோயின் புண்ணும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றலாம்; சிகிச்சையோ நேரெதிர். காசநோயைக் குரோன் என்று எண்ணி எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து கொடுத்தால் நோய் பரவிவிடும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் முதலிய மருத்துவர்கள் 1960-களிலேயே வாய் வழியாகக் கருவி இறக்கிச் சிறுகுடல் துணுக்குகளை எடுத்து ஆராய்ந்தார்கள். நோயில்லாத தென்னிந்தியர்களின் குடற்சுவர்கூட மேலை நாட்டவரின் குடற்சுவரிலிருந்து வேறுபடுவதை அவர்கள் கண்டார்கள். எங்கோ எழுதிய பாடநூலை வைத்து நம் குடலின் படத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு அந்த வேலை இன்றும் சாட்சி.

இதெல்லாம் வசதியானவர்களுக்கு, கிராமத்து ஏழைக்கு எதற்கு என்பது இரண்டாவது கேள்வி. செலவு பெரிதுதான். அதனால்தான் செலவில்லாத பரிசோதனைகளை முதலில் முடிக்கச் சொல்கிறேன். செருப்பில்லாமல் வயலில் நடப்பவரின் காலைத் துளைத்து ஏறும் கொக்கிப்புழு, சிறுகுடலில் தொற்றிக்கொண்டு நாள்தோறும் ரத்தம் உறிஞ்சும். மலப் பரிசோதனையில் அதன் முட்டை தெரிந்தால் அல்பெண்டசோல் மாத்திரை போதும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அவர்களில் பெரும்பாலோருக்குக் கேமரா தேவையே இல்லை: சாப்பாடு, மாதவிடாய்ப் போக்கு, புழு ஆகியவற்றைக் கவனித்தாலே போதும். எல்லாம் பார்த்தும் ரத்தம் குறைந்துகொண்டே போகிறவருக்கு மறுபடி மறுபடி ரத்தம் ஏற்றி அனுப்புவதுதான் வீண்செலவு. சேலத்துக்கோ, ரயிலேறிக் காட்பாடி வழியாக வேலூருக்கோ அவரை அப்போதே அனுப்ப வேண்டும்.

போகிறவர் பழைய ரிப்போர்ட், ஸ்கேன் படம் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லட்டும். இரும்புச் சத்து மாத்திரை குடலில் கறுப்பாகப் படிந்து படத்தை மறைக்கும். மருத்துவரைக் கேட்டுச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். கேப்சூல் மலத்தோடு வெளியேறும்வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கக் கூடாது. இரண்டு வாரமாகியும் வெளியேறியது உறுதியாகாவிட்டால், தருமபுரியிலேயே வயிற்றை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம்.