சும்மா பார்க்க ஊரெல்லாம் தோட்டம்! தப்பு செய்தால் அபராதம்! சிங்கப்பூரில் தனி ஆளாக ஒரு நாள்

காலை மணி 5. ஊர் இன்னும் இருட்டில் கிடக்கிறது. ஆனால் தோட்டத்தின் கதவு திறந்தாகி விட்டது. டிக்கெட் கேட்க ஆள் இல்லை. "எங்கே போகிறாய்?" என்று அதட்டவும் ஆள் இல்லை. தனி ஆளாக வந்தவர் பாட்டுக்கு உள்ளே நடக்கிறார். நள்ளிரவு 12 வரை நடக்கலாம்.

இதுதான் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டம். அங்குள்ள தமிழர்கள் வைத்த பெயர் பூமலை! 1859-ல் உண்டானது. பரப்பு 82 ஹெக்டேர். நம் கணக்கில் சுமார் 200 ஏக்கர். 2015-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறி விட்டது.

துணை இல்லை, கையில் பெரிய பணமும் இல்லை. அப்படிப்பட்டவர் ஒரே நாளில் இந்த ஊரைப் பார்க்க முடியுமா? தாராளமாக முடியும். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எது இலவசம்? எது குற்றம்?

ஒரே ரெயில் பாதை!

வழி கேட்டுத் திண்டாட வேண்டாம். நீல நிறம் போட்ட டவுன்டவுன் ரெயில் பாதை ஒன்றே போதும். தாவரவியல் தோட்டத்துக்கு அதில் ஒரு ஸ்டேஷன். அங்கிருந்து மூன்றாவது ஸ்டேஷன் லிட்டில் இந்தியா. அதிலிருந்து நான்காவது ஸ்டேஷன் பேஃபிரண்ட். அங்கே இறங்கினால் கடலோரத்துப் புதுத் தோட்டம். மூன்று இடமும் ஒரே கோட்டில்!

ரெயிலில் ஏறியதும் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து விடாதீர்கள். ரெயிலிலும் ஸ்டேஷனிலும் தின்பதும் குடிப்பதும் குற்றம். 500 டாலர் வரை அபராதம்! டுரியான் பழத்தை உள்ளே எடுத்துப் போகவே கூடாது.

22 நாற்று செய்த வேலை

பூமலையில் ஆர்க்கிட் பூக்களுக்கென்று தனித் தோட்டம் உண்டு. அதற்கு மட்டும் டிக்கெட். சிங்கப்பூரின் 5 டாலர் நோட்டில் ஒரு மரம் இருக்கும். அந்த தெம்புசு மரத்தை இங்கே நேரிலேயே பார்க்கலாம். அதற்குக் காசு இல்லை.

ஆனால் நம்மவர்கள் நின்று பார்க்க வேண்டியது வேறு. அதுதான் ரப்பர் மரம்!

பிரேசில் நாட்டுச் சரக்கு இது. 1877-ல் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அதில் ஒரு பகுதியை இந்தத் தோட்டத்தில் நட்டார்கள். 1888-ல் ஹென்றி ரிட்லி என்ற வெள்ளைக்காரர் தோட்டத்துப் பொறுப்புக்கு வந்தார். மரத்தைச் சாகடிக்காமல், பட்டையை மட்டும் சாய்வாகக் கீறிப் பால் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

"ரப்பர் போடுங்கள், ரப்பர் போடுங்கள்" என்று பார்க்கிற முதலாளியிடம் எல்லாம் விதையை நீட்டினார். "பைத்தியக்கார ரிட்லி" என்று பட்டம் கட்டிச் சிரித்தார்கள். பிறகு மோட்டார் கார் வந்தது. டயருக்கு ரப்பர் கேட்டது. சிரித்தவர்கள் கப்சிப்!

மலாயாவில் காட்டை அழித்து ரப்பர் எஸ்டேட் போட்டார்கள். பால் வெட்ட ஆள் வேண்டுமே? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினார்கள் நம் ஜனங்கள். கங்காணி கூட்டிப் போனார். போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். அந்தக் கதையின் முதல் நாற்று நின்ற மண் இது. டிக்கெட் இல்லாத தோட்டம்தான். ஆனால் அதற்கான விலையை நம் பாட்டன்மார் என்றோ கொடுத்து விட்டார்கள்.

சாய்ந்தது 270 வயது மரம்

மரம் என்றால் நிழல் மட்டும் அல்ல. 2017 பிப்ரவரியில் இதே தோட்டத்தில் 270 வயதுடைய வேறொரு தெம்புசு மரம் வேரோடு சாய்ந்தது. இந்தியப் பெண் ஒருவர் பலியானார். நான்கு பேர் காயம் அடைந்தனர். மழை கட்டிக்கொண்டு வந்தால், இடி இடித்தால், மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுவதே புத்திசாலித்தனம். தனியாகப் போகிறவருக்கு இது ரொம்ப முக்கியம்.

தேக்காவில் சாப்பாடு

உச்சி வெயிலுக்கு லிட்டில் இந்தியா. தேக்கா சந்தையில் தோசையும் கிடைக்கும், பிரியாணியும் கிடைக்கும். தமிழ் அந்த நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. கூச்சப்படாமல் தமிழிலேயே கேட்கலாம்.

சாப்பிட்டதும் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வரக்கூடாது. தட்டை எடுத்துப் போய் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். 2021 முதல் இதுவும் சட்டம்!

இரும்பு மரம், இலவச வாணவேடிக்கை

சாயங்காலம் கரையோரப் பூந்தோட்டம். கடலைத் தூர்த்த நிலத்தில் 101 ஹெக்டேர் பரப்பில் போட்டது. 2012-ல் திறந்தார்கள். 18 ராட்சத மரங்கள் நிற்கின்றன. உயரம் 25 மீட்டரில் இருந்து 50 மீட்டர் வரை. உள்ளே கான்கிரீட், வெளியே இரும்புக் கூடு, அதன் மேல் நிஜச் செடிகள்! சில மரங்கள் தலையில் சூரிய ஒளித் தகடுகளைத் தாங்கி மின்சாரம் எடுக்கின்றன. சில மரங்கள் புகைபோக்கி வேலையும் பார்க்கின்றன.

கண்ணாடி மாளிகைகளுக்கும், 22 மீட்டர் உயரத்தில் போகும் தொங்கு பாலத்துக்கும் டிக்கெட். பாக்கித் தோட்டத்தில் பெரும்பகுதி இலவசம். இரவு 7.45-க்கும் 8.45-க்கும் விளக்கும் பாட்டுமாக அந்த மரங்கள் ஜொலிக்கும். புல்தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டே பார்க்கலாம். பைசா செலவில்லை.

பக்கத்திலேயே மரினா அணை. 2008-ல் கட்டியது. நீளம் 350 மீட்டர், 9 இரும்புக் கதவுகள். கொட்டும் மழையில் கதவைத் திறந்து தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். கடல் பொங்கி நின்றால் ராட்சத பம்பு வைத்து இறைப்பார்கள். குடிநீருக்கு ஏரி, வெள்ளத்துக்குத் தடுப்பு, இரண்டும் ஒன்றில்! அணையின் மொட்டை மாடியில் புல் வளர்த்திருக்கிறார்கள். அங்கே ஜனங்கள் காற்றாடி விடுகிறார்கள். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் ஆபீஸ் போகிறவர்கள் பார்த்துப் பெருமூச்சு விடலாம்.

கை நீட்டினால் அபராதம்!

பூவைப் பறித்தால் குற்றம். குப்பை போட்டால் குற்றம். பாவம் பசிக்கிறதே என்று குரங்குக்குப் பழம் கொடுத்தால் 5,000 டாலர் வரை அபராதம்!

ஊரை விட்டுக் கிளம்பும்போதே பெட்டியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மெல்லும் புகையிலைக்குத் தடை. சூயிங்கம்மை 1992-லேயே தடுத்து விட்டார்கள். அனுமதி இல்லாமல் கசகசா கூடக் கொண்டுபோகக் கூடாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. "தம்பி, இந்தப் பொட்டலத்தை என் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடு" என்று விமானநிலையத்தில் யாராவது நீட்டினால் தொடவே கூடாது. 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் அங்கே தூக்கு. தனியாகப் போகிறவரைப் பார்த்துத்தான் இப்படி நீட்டுவார்கள்.

நட்டது யார்?

இந்தப் பச்சை தானாக வந்தது அல்ல. 1963-ல் பிரதமர் லீ குவான் யூ மண்வெட்டி எடுத்து ஒரு மரக்கன்று நட்டார். 1967-ல் "தோட்ட நகரம் ஆக்குவோம்" என்று அறிவித்தார். வருகிற முதலாளிகள் தெருவின் இருமருங்கிலும் ஒழுங்கான மரங்களைப் பார்த்தால், இந்த ஊரில் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நம்புவார்கள். இதுதான் அவர் போட்ட கணக்கு. ஆனால் நட்டதோடு விட்டு விடவில்லை. நட்டதைப் பாதுகாக்க ஆளும் வைத்தார்கள், சட்டமும் வைத்தார்கள்.

இரவு 9 மணிக்குத் தனி ஆளாகத் தோட்டத்தை விட்டு வெளியே வருகிறவர் பையில் கை விட்டுப் பார்த்தால், ரெயில் செலவும் சாப்பாட்டுச் செலவும்தான் போயிருக்கும். கையைச் சும்மா வைத்துக்கொண்டால் மீதிப் பணம் பத்திரம்!