சதுர அங்குலத்துக்கு இரண்டு சென்ட்

ஹூஸ்டனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதியைப் பன்னிரண்டடி நீளச் சட்டமொன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் ஓடுகிற பெரிய தையல் மெஷினுக்கு லாங்ஆர்ம் என்று பெயர். பிறருடைய குவில்ட்களைக் கூலிக்கு முடித்துக் கொடுப்பது என் தொழில்.

குவில்ட் மூன்றடுக்குப் போர்வை: துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி. மேல்துணியைப் பலர் வீட்டிலேயே ஆசையாகத் தைத்துவிடுவார்கள். மூன்றடுக்கையும் சுருட்டிச் சாதாரண மெஷினின் குறுகிய இடைவெளிக்குள் நுழைக்கும்போது கை ஓய்ந்துவிடும். அப்போது எங்களிடம் வருவார்கள்.

60க்கு 80 அங்குலப் போர்வை 4,800 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 2 சென்ட் என்றால் 96 டாலர். மெஷின் ஓடுவது மூன்று மணி நேரம். மணிக்கு 32 டாலர் என்று புதியவர்கள் மகிழ்ந்துபோகிறார்கள். அடித்துணியை இஸ்திரி போடுவது, சட்டத்தில் ஏற்றுவது, பாபின் சுற்றுவது, நூலின் டென்ஷன் சரிபார்ப்பது, நூல்நுனிகளை மறைப்பது என இன்னொரு மூன்று மணி நேரம் போகும். மணிக்கு மிஞ்சுவது 16 டாலர். அதிலும் நூல், மின்சாரம், மெஷின் கடன் தவணை கழிய வேண்டும். லாபத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் சுயதொழில் வரி.

"பொழுதுபோக்குதானே, குறைத்துக்கொள்ளுங்களேன்" என்பார்கள் வாடிக்கையாளர்கள். குறைக்காதீர்கள். பெண்களின் தையலுக்கு விலையில்லை என்ற பழைய நினைப்புக்கு நாமே ஏன் முட்டுக்கொடுக்க வேண்டும்?

எந்தப் போர்வையையும் வாடிக்கையாளர் முன்னாலேயே விரித்து, நடுவையும் ஓரங்களையும் அளந்து எழுதிக்கொள்வேன். அளக்காமல் தைத்த பார்டர் நடுப்பகுதியைவிட நீண்டு அலையலையாக எழும்பும். அதன்மேல் மெஷினை ஓட்டினால் மடிப்பு விழும். அடித்துணி நாற்புறமும் 4 அங்குலம் கூடுதலாக இல்லாவிட்டால் சட்டத்தில் பிடிக்காது.

இறந்துபோன அம்மா பாதியில் விட்டுப்போன மேல்துணியோடு சிலர் வருவார்கள். துணி நைந்திருக்கும், தையல் பிரிந்திருக்கும், சிவப்புச் சாயம் இறங்கும். கெட்டுப்போனால் எந்தப் பணத்தாலும் ஈடு செய்ய முடியாது. அந்த வேலைக்குத் தனி விலை வைக்கிறேன், என்னென்ன ஆகலாம் என்று சொல்லிக் கையெழுத்தும் வாங்குகிறேன்.

மெஷின் வாங்கத் துடிப்பவர்களுக்கு ஒன்று. இங்கே சில குவில்ட் கடைகளில் ஒரு வகுப்பு முடித்தால் லாங்ஆர்மை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே சில போர்வைகளைத் தைத்து, ஏற்றுவதிலிருந்து இறக்குவதுவரை ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு உங்கள் கூலியைப் போட்டுப் பார்த்த பிறகு கடன் விண்ணப்பத்தைத் தொடுங்கள்.