மொழிக் கல்வியும் நிறைவு விழா அரங்கும்

மேலைநாடுகளிற் பிறமொழி பயில்வோர், பாடநெறி முடிவுறும் நாளிலே அம்மொழியிற் பாடியும் நடித்தும் விழாவெடுத்தல் பரவலான வழக்கமாகும். வகுப்பிற் கற்றாயிற்று, பரீட்சையும் எழுதியாயிற்று. பின்னர் இவ்வாடலும் பாடலும் எதற்கென வினவுவோர் உளர். அவ்வினாவிற்கு விடை காண முயல்வோம்.

இவ்வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. மொறேவிய நாட்டுக் கல்விப் பேரறிஞர் கொமேனியஸ் (1592–1670), 1650 முதல் 1654 வரை ஹங்கேரியின் சாரொஸ்பதாக் நகரிலே ஆசிரியப் பணி புரிந்தார். இலத்தீன் கற்பிக்கும் பொருட்டுத் தாம் 1631இல் வெளியிட்ட பாடநூலையே ஆங்கு எட்டு நாடகங்களாக ஆக்கி, மாணாக்கரைக் கொண்டு நடிப்பித்தார். பொருளைக் கையிலேந்திப் பெயரைச் சொல்லும் மாணவனுக்கு, அச்சொல் மனனஞ் செய்த வெறும் ஒலியாக நில்லாது அனுபவமாகிவிடுகின்றது.

எமது காலத்திற்கு அண்மையதோர் எடுத்துக்காட்டு, ஐக்கிய அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்திலுள்ள மிடில்பெரிக் கல்லூரியாகும். லிலியன் ஸ்ட்ரோப என்னும் பேராசிரியை 1915இல் ஆங்கு ஜேர்மன் மொழிக்கெனக் கோடைகாலப் பள்ளியொன்றைத் தொடங்கினார். 1916இற் பிரெஞ்சுப் பள்ளியும், 1917இல் ஸ்பானியப் பள்ளியும் தோன்றின. பின்னர் ருஷ்யம், சீனம், ஜப்பானியம், அரபு முதலியனவும் இடம்பெற்றன. பயிலும் மொழியன்றிப் பிறமொழி பேசுவதில்லையென மாணாக்கர் உறுதிமொழியிற் கையொப்பமிடுதல் அப்பள்ளிகளின் சிறப்பு விதியாகும். வகுப்பில் மட்டுமன்று, உணவுச் சாலையிலும் விளையாட்டுத் திடலிலும் அவ்விதி செல்லும். தொடக்க நிலையினர் ஏறத்தாழ எட்டு வாரம் இவ்வாறு வாழ்தல் வேண்டும்.

இவ்விரதத்தின் கடுமையை எண்ணிப் பார்த்தல் தகும். தாய்மொழியிலே சொல்வன்மை மிக்க ஒருவர், திடீரென உப்பைக் கேட்கவும் சொல் தேடும் குழந்தையாகிவிடுகின்றார். அறிவு குன்றவில்லை, அதை வெளிப்படுத்தும் வாயில் அடைபடுகின்றது. பிழை நேருமோ என்னும் நாணம் நாவைக் கட்டுகின்றது. இந்நாணத்தை இலக்கண விதி நீக்காது, பரீட்சையும் நீக்காது.

அரங்கு நீக்குகின்றது. நாடகத்திற் பேசுவோன் பிறனொருவனாக நின்று பேசுதலின், பிழைக்கஞ்சும் தன்னை மறக்கின்றான். ஒத்திகைதோறும் ஒரே வாக்கியத்தைப் பலகாற் சொல்லுதலால் ஒலியும் ஏற்ற இறக்கமும் நாவிற் படிகின்றன. கூட்டுப் பாடலிலோ வல்லாரது குரல் மெல்லாரைத் தாங்கிச் செல்லும். நகைச்சுவை கேட்டு அவை நகைக்குமாயின், பொருள் சென்று சேர்ந்தது என்பதற்கு அதனினும் சிறந்த சான்றிதழ் யாது? அரங்கேற்றம் என்னும் சொல்லை வழங்கும் நமக்கு இக்கருத்துப் புதியதன்று. கற்றது அவையிற் சென்ற பின்னரே நிறைவெய்தும்.

மொழிப்பள்ளி வாழ்வதும் மாள்வதும் மக்களின் மனநிலையைப் பொறுத்தன. முதலாம் உலக யுத்தம் மூட்டிய பகைமையால் மிடில்பெரியின் ஜேர்மன் பள்ளி 1918இல் மூடப்பட்டது. 1931இலேயே மீண்டும் திறக்கப்பட்டது. பகைவரின் மொழியென்று ஒன்றை ஒதுக்குதல் எளிது. ஒதுக்கியதை மீட்கப் பதின்மூன்று ஆண்டுகள் வேண்டியிருந்தன. அதே கல்லூரி, அந்நிலத்தின் பழங்குடியினரது அபெனாக்கி மொழிக்கும் 2020இற் பாடநெறி தொடங்கியது. பேசுவோர் மிக அருகிய அம்மொழியில் ஒருவர் பலர் முன் நாவெடுத்துப் பேசுதல், விழாவினும் பெரியதொரு செயலாகும்.

எமது மாணவரும் இரண்டாம் மொழியாகச் சிங்களமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். உயர்ந்த புள்ளி பெற்றும் அயலாரிடம் நான்கு வார்த்தை பேச நாணுவோர் அவர்களுட் பலர். ஆண்டிறுதியிலே சிறு நாடகமொன்றேனும் அவர்கள் அம்மொழிகளில் நடிப்பாராயின், புள்ளிகள் தராத துணிவை அரங்கு தரும். பிழைபடப் பேசினும் பேசியவனே மொழியைக் கற்றவனாவான்.