மெத்தையில் உறையும் தூசி: எந்தக் கருவியை வாங்குவது?

சென்ற ஆண்டு அடைமழைக் காலத்தில் ஒரு மாலை வேளை, பங்கின் வீடுகளைச் சந்தித்து வருகையில், கடற்கரையை அடுத்த தெருவில் ஓர் இல்லத்தினுள் நுழைந்தோம். நடுக்கூடத்தில், டை கட்டிய இளைஞர் ஒருவர் பளபளக்கும் கருவி ஒன்றின் உறுப்புகளைப் பாயின்மீது பரப்பி வைத்திருந்தார். கட்டில் மெத்தையின்மேல் கருவியை ஓட்டிவிட்டு, குழாயின் நடுவே வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து விரித்துக் காட்டினார். அதில் சாம்பல் நிறத்தில் மாவுபோல் தூசி படிந்திருந்தது. "இதைத்தான் உங்கள் பிள்ளை இரவெல்லாம் சுவாசிக்கிறான், அம்மா" என்றார். அந்தத் தாயின் கண்கள் கலங்கிவிட்டன.

பிள்ளைக்கு வயது ஒன்பது. மழை தொடங்கினால் இளைப்பும் தொடங்கும். தோலில் மருந்துத் துளிகளை இட்டுச் சோதித்த மருத்துவர், வீட்டுத் தூசியில் வாழும் உண்ணிதான் காரணம் என்று கூறியிருந்தார். கருவியின் விலையோ அக்குடும்பத்தின் இரண்டு மாத வருவாய்க்குச் சமம். "மாதத் தவணையில் தருகிறார்களாம், சாமி. கையெழுத்துப் போட்டுவிடலாமா?" என்று தாய் கேட்டார். குடும்பத் தலைவர் ஒருபடி மேலே சென்று, "இது வந்துவிட்டால் இன்ஹேலரை நிறுத்திவிடலாமே, சாமி" என்றார். தூசியைவிட அந்தச் சொல்தான் நம்மை அச்சுறுத்தியது.

ஒரு வாரம் பொறுத்திருங்கள் என்று மட்டும் கூறிவிட்டு வந்தோம். அந்த ஒரு வாரத்தில் மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களில் படித்தும் நாம் அறிந்துகொண்டவற்றை வாசகக் குடும்பங்களுக்கும் எழுதுவது பயன் தரும் என்று கருதுகிறோம். ஏனெனில் இளைப்பு நோயுள்ள குழந்தை இல்லாத தெரு இன்று நம் பங்கில் இல்லை.

முதலில் அந்த வெள்ளைத் துணி வித்தையைப் பற்றி ஒரு சொல். எந்த மெத்தையின்மேல் கருவியை ஓட்டினாலும் துணியில் தூசி படியத்தான் செய்யும். நமது பங்கு இல்லத்து மெத்தையிலும் படியும். ஆயர் இல்லத்து மெத்தையிலும் படியும். தூசி உண்டு என்பதை அது காட்டுகிறதே தவிர, அந்தக் கருவி அதைப் போக்கிவிடும் என்பதைக் காட்டவில்லை.

தூசி உண்ணி என்பது எட்டுக் கால்களுடைய, சிலந்தியினத்திற்கு உறவான நுண்ணுயிர். கால் மில்லிமீட்டர் அளவே இருப்பதால் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. அது கடிப்பதுமில்லை, குருதியைக் குடிப்பதுமில்லை. நம் உடலிலிருந்து நாள்தோறும் உதிரும் தோல் துகள்களே அதன் உணவு. அது தண்ணீரைத் தேடிச் செல்வதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உடலால் ஈர்த்துக்கொண்டு உயிர் வாழ்கிறது. எனவே ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நிலையாகக் குறைந்தால் அது உலர்ந்து மடியும். நம் கடற்கரை ஊர்களில் அப்படிக் குறையும் நாட்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்! வீட்டுத் தூசியால் வரும் ஒவ்வாமைக்கு இந்த உண்ணியே காரணம் என்பதை, 1964-ஆம் ஆண்டு தொட்டு நெதர்லாந்து நாட்டின் லைடன் நகரில் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா என்னும் ஆய்வாளர்கள் நிலைநாட்டினர்.

தீங்கு செய்வது உண்ணி அன்று, பெரும்பாலும் அதன் கழிவே. அக்கழிவு உருண்டைகள் 10 முதல் 40 மைக்ரான் வரை பருமனுள்ளவை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவை சற்றுக் கனமானவை. படுக்கையை உதறினால் காற்றில் எழும்பி, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் மீண்டும் படிந்துவிடும். ஆகவே உண்ணியின் களஞ்சியம் காற்றன்று. மெத்தையும் தலையணையும் சோஃபாவுமே. பிள்ளை முகத்தைப் புதைத்து எட்டு மணி நேரம் உறங்கும் இடமல்லவா அது!

நிற்க. தூசி உறிஞ்சும் கருவிக்கும் இளைப்பு நோய்க்கும் ஒரு பழைய உறவு உண்டு. இங்கிலாந்தில் 1901-இல் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர் செய்த கருவி மிகப் பெரியது. அதைக் குதிரை வண்டியில் ஏற்றி வந்து தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களைச் சன்னல் வழியே வீட்டுக்குள் செலுத்துவார்களாம். இன்று நாம் காணும் வீட்டுக் கருவிக்கு வழிகாட்டியவரோ அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் நகரில் ஒரு கடையைத் துப்புரவு செய்துவந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர். அவர் இளைப்பு நோயாளி. தாம் கூட்டும் தூசியே தம் மூச்சை அடைக்கிறது என்று ஐயுற்று, 1907-இல் ஒரு மின்விசிறி மோட்டாரையும், துடைப்பக் கட்டையையும், தலையணை உறையையும் இணைத்து ஒரு கருவியைச் செய்தார். 1908-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் அவ்வுரிமையை ஹூவர் என்பவரின் குடும்பம் வாங்கிப் பெரும் தொழிலாக்கியது. அந்தத் தலையணை உறையில்தான் இன்றும் சிக்கல் இருக்கிறது. உறிஞ்சுவது எளிது, உறிஞ்சிய நுண்துகள் துணியின் கண்கள் வழியே மறுபுறம் வெளியேறாமல் தடுப்பதே கடினம். மலிவான கருவிகள் பல, மெத்தையில் அமைதியாகக் கிடந்த தூசியை எடுத்து அறையின் காற்றில் தூவுகின்றன. ஒவ்வாமையுள்ள வீட்டிற்கு இதைவிடக் கருவியின்றி இருப்பதே மேல்.

கருவியால் நோய் தீருமா என்னும் வினாவிற்கு நேர்மையான விடை சற்றுக் கசப்பானது. 2008-இல் டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் காக்ரேன் அமைப்பிற்காக, தூசி உண்ணியைக் கட்டுப்படுத்த முயன்ற 50-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை, ஏறத்தாழ 3,000 நோயாளிகளைப் பற்றியவற்றை, ஒருங்கே திரட்டிப் பார்த்தனர். ஆஸ்துமாவிற்கு அம்முயற்சிகளால் தெளிவான பயன் எதுவும் காணப்படவில்லை என்பதே அவர்கள் முடிவு. எனினும் கதை அத்துடன் முடியவில்லை. 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 937 குழந்தைகள் பங்குபெற்றனர். ஒவ்வொரு குழந்தைக்கும் எது ஒவ்வாதது என்று கண்டறிந்து, மெத்தை உறை, நல்ல வடிகட்டியுள்ள கருவி, கரப்பான் ஒழிப்பு எனப் பல வழிகளை ஒன்றாகக் கையாண்டபோது, 14 நாட்களில் நோய் நாட்கள் 3.4 ஆக இருந்தன, அவ்வழிகளைக் கையாளாத குழந்தைகளிலோ 4.2 ஆக இருந்தன. 2017-இல் மான்செஸ்டர் நகர ஆய்வொன்றில், உண்ணி ஊடுருவ முடியாத உறைகளை இட்ட குழந்தைகளில் 29 விழுக்காட்டினரே அவ்வாண்டில் இளைப்பு முற்றி மருத்துவமனைக்கு வர நேர்ந்தது. மற்றவர்களிலோ 41 விழுக்காட்டினர்.

இவற்றிலிருந்து நாம் கொண்ட கருத்து இதுவே: முதற்பணம் உறைக்கு, அடுத்த பணம் கருவிக்கு, மருந்துக்கான பணமோ இரண்டிலும் கைவைக்காமல் தனியே இருக்க வேண்டும். இன்ஹேலரைக் குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவரின் வேலை. விற்பனையாளரின் வேலையன்று, பெற்றோரின் வேலையுமன்று.

மெத்தைக்கும் தலையணைக்கும், நெருங்க நெய்த, ஜிப் வைத்து முழுவதும் மூடும் உறை வேண்டும். அதன் இழைகளின் இடைவெளி 10 மைக்ரானுக்குக் குறைவாய் இருத்தல் நலம். ரெக்சின் உறை தூசியைத் தடுக்கும். ஆனால் நம் வெப்பத்தில் அதன்மேல் எந்தப் பிள்ளை உறங்கும்? இலவம்பஞ்சுத் தலையணையை விட்டுச் செயற்கைப் பஞ்சுக்கு மாறினால் உண்ணி வாராது என்பார்கள். அது உண்மையன்று, அதற்கும் உறை வேண்டும். விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 பாகை வெப்பமுள்ள நீரில் துவைக்க வேண்டும். குளிர்ந்த நீர் கழிவைப் பெரும்பாலும் அகற்றும், உண்ணியைக் கொல்லாது. நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் வெள்ளாவி வைத்து வெளுத்த காலத்தில் இந்த வேலை கேளாமலே நடந்துகொண்டிருந்தது! துணிப் பொம்மைகளை ஞெகிழிப் பையில் கட்டி ஒருநாள் முழுவதும் உறைபெட்டியில் வைத்து எடுத்து, பின்னர் துவைக்கலாம். வெயில் காலத்தில் மெத்தையை மொட்டை மாடியில் சுடுவெயிலில் பல மணி நேரம் காயவைத்தால் வெப்பத்தாலும் வறட்சியாலும் உண்ணிகள் மடியும். ஆனால் மடிந்த உண்ணியும் கழிவும் மெத்தையிலேயே தங்கியிருக்கும். அவற்றை வெளியேற்றத்தான் கருவி உதவும்.

இனிக் கருவிக்கு வருவோம். நம் வீடுகளில் தரைவிரிப்புகள் அரிது. சிமெண்டு, மொசைக், டைல்ஸ் தரைகளே மிகுதி. அவற்றுக்கு ஈரத்துணியே போதும். கம்பளம் தேய்க்கும் சுழல் தூரிகைக்காக மிகைப்பணம் கொடுக்க வேண்டாம். மெத்தைக்கும் சோஃபாவுக்கும் பொருந்தும் அகன்ற சிறு முனையும், இடுக்குகளில் நுழையும் குறுகிய முனையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பெட்டியின்மேல் 1,400 வாட், 1,600 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது கருவி தின்னும் மின்சாரத்தின் அளவு. உறிஞ்சும் ஆற்றலின் அளவன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் வீட்டுக் கருவிகளுக்கு 900 வாட்டையே மேல்வரம்பாக வைத்தது. அங்குள்ள வீடுகள் அதனால் தூசி மண்டிப் போகவில்லை.

வாட்டைவிட முதன்மையானது வடிகட்டி. 'ஹெபா' என்னும் வடிகட்டி 1940-களில் அமெரிக்க அணு ஆய்வுக்கூடங்களில் கதிரியக்கத் துகள்களைத் தடுப்பதற்காக வளர்ந்தது. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுப்பது அமெரிக்க அளவுகோல். ஐரோப்பிய அளவுகோலில் ஹெச் 13 என்பது 99.95 விழுக்காடு. 'ஹெபா வகை', 'ஹெபா போன்றது' என்று எழுதியிருந்தால் அந்தச் சொற்களுக்கு எந்த அளவுகோலும் இல்லை என்று அறிக. வடிகட்டி மட்டும் நன்றாயிருந்து, அதைச் சுற்றியுள்ள மூடி இடுக்குகளில் காற்று கசிந்தால் பயனில்லை. கருவியின் உடல் முழுவதும் காற்றுப் புகாமல் மூடப்பட்டதா என்று விற்பவரிடம் கேளுங்கள். விழித்தால், அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.

பையுள்ளதா, பையற்றதா? ஒவ்வாமையுள்ள வீட்டிற்குப் பையுள்ளதே நம் தேர்வு. பல அடுக்குகளாலான பை நிறைந்ததும் வாயை மூடி அப்படியே எறிந்துவிடலாம். பையற்ற கருவியின் கிண்ணத்தைக் கொட்டும்போது ஒரு வாரத் தூசி ஒரே நொடியில் முகத்தில் எழும்பும். அதன் வடிகட்டியைக் கழுவினால் நம் மழைக்காலத்தில் காய்வதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் பையுள்ள கருவியை வாங்குமுன் அதற்குரிய பை உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேட்டறிய வேண்டும். நம் பங்கு இல்லத்தில் ஒரு கருவி பை கிடைக்காமல் நான்கு ஆண்டுகளாக மூலையில் உறங்குகிறது. அதன்மேல் படியும் தூசியை நாம் துணியால் துடைக்கிறோம்.

ஈரம், உலர் இரண்டையும் உறிஞ்சும் உருளைக் கருவி, புயல் மழைக்குப்பின் கூடத்தில் தேங்கிய நீரை வாரிவிட நல்லது. படுக்கையறைக்கு ஏற்றதன்று, அவற்றுள் பலவற்றில் இருப்பது பஞ்சு வடிகட்டியே. தண்ணீரில் தூசியை அடக்கும் கருவி கேட்க அழகாயிருக்கிறது. அந்நீரை அன்றே கொட்டிக் கழுவி உலர்த்தாவிடில் நாற்றமும் பூஞ்சணமும் வரும். தானே ஊர்ந்து செல்லும் ரோபோ கருவி கட்டில்மேல் ஏறாது. புற ஊதா ஒளி வீசும் கைக்கருவிகளையும் விற்கிறார்கள். மெத்தையைக் கடந்து செல்லும் அந்தச் சில நொடி ஒளி, உள்ளே புதைந்திருக்கும் உண்ணியைச் சென்றடையாது.

கருவியைக் கையாளும் முறையும் உண்டு. முதலில் மின்விசிறி இறக்கைகளை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். சன்னல்களைத் திறந்து வைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஒரு மெத்தைக்குப் பத்து நிமிடமேனும் செலவிட்டு மெல்ல மெல்ல ஓட்ட வேண்டும். உண்ணிகள் இழைகளைப் பற்றிக்கொண்டு நிற்குமாதலால் விரைந்து ஓட்டினால் மேல்தூசி மட்டுமே வரும். மெல்ல ஓட்டினாலும் எல்லா உண்ணிகளும் வந்துவிடா. இளைப்புள்ள பிள்ளை அப்போதும், அதற்குப்பின் அரை மணி நேரமும் அந்த அறைக்குள் வரலாகாது. பெருக்கும் வேலையைப் பிள்ளையிடம் ஒப்படைக்கும் வழக்கமுள்ள வீடுகளில், அந்தப் பிள்ளைக்கு வேறு வேலை கொடுங்கள்.

ஒரு வாரம் கழித்து மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றோம். டை கட்டிய இளைஞர் இருமுறை தொலைபேசியில் அழைத்தாராம். அவரையும் நாம் குறை கூறவில்லை. மாதத்திற்கு இத்தனை கருவி விற்க வேண்டும் என்னும் சுமை அவர் தோளில் இருக்கிறது. குடும்பத் தலைவரும் தாயும் கூடிப் பேசி, முதலில் இரண்டு மெத்தைகளுக்கும் தலையணைகளுக்கும் உறை வாங்கினர். பொங்கல் கழிந்தபின், அந்த விலையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கு, பையுள்ள சிறு கருவி ஒன்றை ரொக்கமாக வாங்கினர். உடன் பத்துப் பைகளும். சனிக்கிழமை காலையில் தந்தை மெத்தையின்மேல் கருவியை ஓட்டுகிறார். பிள்ளை அந்நேரம் பாட்டி வீட்டில் இருக்கிறான். இன்ஹேலர் காலையும் மாலையும் தவறாமல் தொடர்கிறது. "அடுத்த மழைக்குத்தான் தெரியும், சாமி" என்றார் தாய்.