குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப்: தேர்ந்தெடுப்பது எப்படி?

துப்பாக்கிக் குழலை விட்டு வெளியேறும் குண்டு என்ன வேகத்தில் பறக்கிறது என்பதை அளந்து சொல்லும் கருவி குரோனோகிராஃப். போட்டி வீரர்கள், தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்பவர்கள், ஏர் ரைஃபிள் பழுதுபார்ப்பவர்கள், தோட்டா ஆலைகள் என்று பலருக்கும் இது தேவைப்படுகிறது. ஒரு காலத்தில் ராணுவச் சோதனைத் தளங்களில் மட்டும் இருந்த இக்கருவி இன்று உள்ளங்கையில் அடங்குகிறது. சந்தையில் கிடைப்பவை மூன்று வகை: ஒளியால் அளப்பவை, மின்காந்தத்தால் அளப்பவை, ரேடாரால் அளப்பவை. இவற்றில் எது பொருந்தும் என்பதை விலையைவிட, சுடப்படும் குண்டும் சுடும் இடமுமே முடிவு செய்கின்றன.

வேகம் ஏன் தெரிய வேண்டும்?

குழலை விட்டு வெளிவந்த கணத்திலேயே குண்டு கீழே விழத் தொடங்கிவிடுகிறது. இலக்கை அடையும் நேரம் கூடினால் விழும் தூரமும் கூடும். 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் சுடப்படும் .22 தோட்டாவின் வேகம் வினாடிக்குச் சுமார் 330 மீட்டர். ஒரே பெட்டியில் எடுத்த இரண்டு தோட்டாக்களில் ஒன்று 330 மீட்டரும் மற்றொன்று 320 மீட்டரும் காட்டுவதாகக் கொள்வோம். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், முதல் குண்டு இலக்கை அடைவதற்குள் சுமார் 113 மில்லிமீட்டரும் இரண்டாவது குண்டு சுமார் 120 மில்லிமீட்டரும் இறங்கியிருக்கும். அந்தப் போட்டி இலக்கில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். மையத்தைத் துளைத்திருக்க வேண்டிய குண்டு, 7 மில்லிமீட்டர் இறங்கி, அந்த வளையத்தின் விளிம்பைத் தொட்டு நிற்கும். வீரரின் கையில் சிறு பிழை சேர்ந்தாலும் கிடைப்பது 9 புள்ளிதான். தொலைவு கூடக்கூட இந்த வேறுபாடு வேகமாகப் பெருகும்.

போட்டி விதிகளும் வேகத்தைக் கேட்கின்றன. ஐபிஎஸ்சி கைத்துப்பாக்கிப் போட்டிகளில் 'பவர் ஃபேக்டர்' என்ற அளவுகோல் உண்டு. கிரெய்ன் கணக்கில் குண்டின் எடையையும், வினாடிக்கு எத்தனை அடி என்ற கணக்கில் அதன் வேகத்தையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் அது கிடைக்கும். குறைந்தபட்சம் 125 வர வேண்டும். 124 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 1010 அடி போனால் 125.24; 1000 அடி போனால் 124. இரண்டுக்கும் இடையே 1 சதவீதம்தான் வேறுபாடு. ஆனால் 125-ஐ எட்டாதவரின் புள்ளிகள் போட்டிக் கணக்கில் சேராது.

அடுத்தது சட்டம். குண்டின் எடையும் வேகமும் தெரிந்தால் அதன் ஆற்றலைக் கணக்கிடலாம். பல நாடுகள் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையா இல்லையா என்பதை இந்த ஆற்றலை வைத்தே முடிவு செய்கின்றன. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் 0.177 அங்குல விட்டத்தையும் 20 ஜூல் ஆற்றலையும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிகளுக்கு விலக்கு தருகின்றன. ஜெர்மனியில் வரம்பு 7.5 ஜூல். 0.53 கிராம் எடையுள்ள போட்டிப் பெல்லட் வினாடிக்கு 168 மீட்டர் வேகத்தில் போனால் 7.48 ஜூல், 170 மீட்டர் போனால் 7.66 ஜூல். சட்டத்துக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது வெறும் 2 மீட்டரில் அடங்கியிருக்கிறது. இதைப் பிரித்தறிய நம்பகமான கருவி வேண்டும்.

ஊசலில் தொடங்கிய அளவீடு

குண்டின் வேகத்தை முதன்முதலில் நம்பத்தக்க முறையில் அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதவியலர். கனமான மரக்கட்டையை ஊசலாகத் தொங்கவிட்டு, அதன்மேல் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு பின்னோக்கி ஆடுகிறது என்பதை அளந்தார். குண்டின் உந்தம் முழுவதும் கட்டைக்கு மாறுவதால், கட்டையின் ஆட்டத்திலிருந்து குண்டின் வேகத்தைப் பெறலாம். 1742-இல் அவர் வெளியிட்ட நூல், பறக்கும் குண்டுக்குக் காற்று தரும் தடை அதுவரை எண்ணியிருந்ததைவிடப் பன்மடங்கு பெரிது என்று காட்டியது. லியோன்ஹார்ட் ஆய்லர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து விரிவான உரையும் எழுதினார். ராபின்ஸ் பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கோட்டைகளைச் சீரமைக்கத் தமிழ்நாட்டுக்கு வந்து, 1751-இல் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார்.

1860-களில் பெல்ஜிய ராணுவ அதிகாரி லெ புலாஞ்சே மின்சாரத்தைப் புகுத்தினார். குண்டு முதல் கம்பித் திரையை அறுத்ததும் மின்காந்தம் பிடித்திருந்த நீண்ட தண்டு விழத் தொடங்கும். இரண்டாவது திரை அறுந்ததும் ஒரு கத்தி விடுபட்டு, விழுந்துகொண்டிருக்கும் தண்டின்மேல் தடம் பதிக்கும். தடத்தின் உயரத்திலிருந்து இடைப்பட்ட நேரம் தெரிந்துவிடும். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், ஒவ்வொரு ரவுண்டுக்கும் திரையை மாற்றும் தொல்லையை ஒளி உணரிகள் நீக்கின. அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த கென் ஓலர் போன்றவர்கள் தனிநபர் வாங்கக்கூடிய கருவிகளை உருவாக்கினார்கள்.

ஒளித்திரை வகை

இன்றும் விலை குறைவானது இந்த வகையே. முக்காலியின்மேல் ஒரு பெட்டி. அதில் குறிப்பிட்ட இடைவெளியில் மேல்நோக்கிய இரண்டு ஒளி உணரிகள். குண்டு மேலே பறக்கும்போது அதன் நிழல் முதல் உணரியில் பட்டதும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது, இரண்டாவதில் பட்டதும் நின்றுவிடுகிறது. இடைவெளியை நேரத்தால் வகுத்தால் வேகம்.

கணக்கு எளிது, சிக்கல் இடைவெளியில் இருக்கிறது. உணரிகள் 30 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், வினாடிக்கு 800 மீட்டர் வேகக் குண்டு அதை 375 மைக்ரோவினாடியில் கடந்துவிடும். இடைவெளியில் 3 மில்லிமீட்டர் பிசகினால் 1 சதவீதப் பிழை, அதாவது 8 மீட்டர். அதே பிசகு 1.2 மீட்டர் இடைவெளியில் நேர்ந்தால் பிழை 2 மீட்டர்தான். ஆகவே ஒளித்திரைக் கருவி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது உணரிகளுக்கு இடையிலான நீளம். ஓலர் நிறுவனத்தின் 35பி மாடலில் மூன்றாவது உணரி உண்டு. ஒவ்வொரு ரவுண்டையும் அது இருமுறை அளக்கிறது. இரண்டு விடையும் ஒத்துவராவிட்டால் அந்த எண்ணை நம்ப வேண்டாம் என்று எச்சரிக்கிறது.

இந்த வகைக்கு வெளிச்சமே பலவீனம். மேகம் நகர்ந்தாலும் வெயில் சாய்ந்தாலும் சில ரவுண்டுகள் பதிவாகாமல் போகும். மேலே வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு பொருத்தி வெளிச்சத்தைச் சீராக்குவார்கள். உள்ளரங்கில் சில விளக்குகளின் மின்துடிப்பு உணரியைக் குழப்பும். அங்கே சொந்த அகச்சிவப்பு விளக்கு உள்ள மாடலே ஏற்றது.

வைக்கும் இடத்திலும் கவனம் தேவை. குழல்முனையின் வெடிப்பு அலையும் எரியாத மருந்துத் துகளும் உணரியைத் தூண்டாமலிருக்க, ரைஃபிளுக்கு 3 முதல் 5 மீட்டர் முன்னே கருவியை வைக்கிறார்கள். இதற்காகச் சுடு கோட்டைத் தாண்டிச் செல்ல வேண்டும். ரேஞ்ச் அதிகாரி எல்லோரின் சுடுதலையும் நிறுத்திய பிறகே அது கூடும். கருவியே குண்டடி பட்டு உடைவதும் உண்டு. தொலைநோக்கி குழலுக்கு 4, 5 சென்டிமீட்டர் மேலே இருப்பதால், பார்வைக்கோடு திரையைத் தாண்டுவதுபோல் தெரிந்தாலும் குண்டு அதற்குக் கீழே வருகிறது. போல்ட்டைக் கழற்றி, குழலின் உள்ளே பார்த்துக் கருவியை நிறுத்துவதே பாதுகாப்பு.

மின்காந்த வகை

மேக்னெட்டோஸ்பீடு போன்ற இவ்வகைக் கருவி குழலின் அடியில் பட்டையால் கட்டப்படுகிறது. குழல்முனைக்கு முன்னே நீளும் தண்டில் இரண்டு உணரிகள் இருக்கும். உலோகக் குண்டு அவற்றின் காந்தப்புலத்தைக் கடக்கும்போது எழும் மாற்றத்தைக் கொண்டு நேரம் அளக்கப்படுகிறது. வெயில், இருள், மழைமேகம் எதுவும் இதைப் பாதிப்பதில்லை. சுடு கோட்டைத் தாண்டவும் வேண்டாம்.

ஆனால் குழலில் எடை தொங்குவதால் குழலின் அதிர்வு மாறி, குண்டு படும் இடமும் மாறுகிறது. வேகத்தையும் குறியின் நெருக்கத்தையும் ஒரே நேரத்தில் சோதிக்க விரும்புபவருக்கு இது உதவாது. ஏர் ரைஃபிளின் சிறிய பெல்லட்டுகளுக்குத் தனி இணைப்பு இல்லாமல் பெரும்பாலும் சரிவராது. துணித்துண்டோ பிளாஸ்டிக் உறையோ குண்டுடன் வெளிவரும் துப்பாக்கிகளில் அவை தண்டில் மோதும் ஆபத்தும் உண்டு.

ரேடார் வகை

தண்டவாளத்தில் நம்மைக் கடக்கும் ரயிலின் ஊதல் சுருதி மாறுவதற்குக் காரணமான டாப்ளர் விளைவே இதன் அடிப்படை. கருவி அனுப்பும் நுண்ணலை, பறக்கும் குண்டின் பின்புறத்தில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறியிருக்கும். 24 கிகாஹெர்ட்ஸ் அலையில், வினாடிக்கு 800 மீட்டர் வேகக் குண்டு சுமார் 128 கிலோஹெர்ட்ஸ் மாற்றத்தை உண்டாக்கும். இங்கே உணரிகளின் இடைவெளி என்ற சிக்கலே இல்லை. அதிர்வெண்ணைத் துல்லியமாக அளப்பது மின்னணுவியலுக்கு எளிது.

கனடாவில் உருவான லேப்ரேடார் இந்த நுட்பத்தை முதலில் தனிநபரிடம் கொண்டுசேர்த்தது. அது குண்டைச் சிறிது தூரம் தொடர்ந்து பார்த்து, பின்னோக்கிக் கணக்கிட்டுக் குழல்முனை வேகத்தைச் சொல்கிறது. வெடிச் சத்தத்தைக் கேட்டு விழித்துக்கொள்ளும் அமைப்பு என்பதால், பக்கத்துத் தடத்தில் சுடும் சத்தமும் அதைத் தூண்டிவிடலாம். 2023-இன் இறுதியில் வந்த கார்மின் ஸீரோ சி1 புரோ கைக்கு அடக்கமானது. குழலுக்குப் பக்கவாட்டில் மேசைமேல் வைத்தால் போதும். பிழை 0.1 சதவீதத்துக்குள் என்று நிறுவனம் அறிவிக்கிறது; 800 மீட்டரில் அது 0.8 மீட்டர். குழலைத் தொடாததால் குண்டு படும் இடம் மாறாது. விலைதான் தடை: எளிய ஒளித்திரைக் கருவியைவிடப் பல மடங்கு கூடுதல்.

எண்ணைப் படிக்கும் முறை

கருவி எதுவானாலும் அது தரும் எண்கள் மூன்று: சராசரி, வீச்சு, திட்ட விலக்கம். அதிகபட்ச வேகத்துக்கும் குறைந்தபட்ச வேகத்துக்கும் உள்ள வேறுபாடு வீச்சு. வேகங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைச் சொல்வது திட்ட விலக்கம். தோட்டாவின் தரத்தை அறிய இதுவே முக்கியம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 5 ரவுண்டு சுட்டுத் திட்ட விலக்கம் 6 என்று வந்தால், உண்மையான மதிப்பு 3.6 முதல் 17 வரை எங்கும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல். 20 ரவுண்டு சுட்டு அதே 6 வந்தால் அந்த எல்லை 4.6 முதல் 8.8 வரை சுருங்குகிறது. மலிவான கருவியில் 20 ரவுண்டு சுட்டுப் பெற்ற எண், விலை உயர்ந்த கருவியில் 5 ரவுண்டில் பெற்ற எண்ணைவிட அதிகம் சொல்லக்கூடும்.

அளந்த இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ரைஃபிள் குண்டு ஒவ்வொரு மீட்டர் பயணத்திலும் ஏறத்தாழ வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தை இழக்கிறது. 4 மீட்டர் முன்னே நிற்கும் ஒளித்திரை காட்டுவதும், குழல்முனைக்குத் திருத்தி ரேடார் காட்டுவதும் அந்த அளவு வேறுபடுவது இயல்பு. வெப்பநிலையும் முக்கியம்: வெயிலில் கிடந்த தோட்டா பெரும்பாலும் கூடுதல் வேகம் காட்டும்.

யாருக்கு எது?

வீட்டிலோ 10 மீட்டர் உள்ளரங்கிலோ ஏர் ரைஃபிள் சுடுபவருக்கு, சொந்த அகச்சிவப்பு விளக்குள்ள சிறிய ஒளித்திரைக் கருவி போதும். துப்பாக்கியின் காற்றழுத்தம் குறைகிறதா, ஸ்பிரிங் தளர்கிறதா என்பதை அது காட்டிக்கொடுக்கும். வெட்டவெளியில் தனித் தடம் கிடைப்பவர், நீண்ட இடைவெளியுள்ள ஒளித்திரையால் குறைந்த செலவில் நல்ல அளவு பெறலாம். வேகம் மட்டும் வேண்டும், வெளிச்சம் நம்பமுடியாதது என்றால் மின்காந்த வகை. பலர் சேர்ந்து சுடும் பொது ரேஞ்சில் சுடுபவருக்கும், வேகத்தையும் குறியையும் ஒருசேரச் சோதிப்பவருக்கும் ரேடார் கொடுத்த விலைக்கு ஈடாகும். ஒரு கிளப் சேர்ந்து ரேடார் ஒன்று வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

எதை வாங்கினாலும், முதல் நாளே வேகம் தெரிந்த நல்ல போட்டித் தோட்டா ஒரு பெட்டியைச் சுட்டு எண்களைக் குறித்து வைக்க வேண்டும். பின்னாளில் கருவியின்மேல் சந்தேகம் வந்தால் அதே ரகத் தோட்டாவால் சரிபார்க்கலாம். மின்கலம் தளர்ந்தாலும் சில கருவிகள் பொய் சொல்லும் என்பதால் மாற்று மின்கலம் கையில் இருக்கட்டும். வாங்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள்: சுடப்போவது என்ன குண்டு, சுடும் இடம் எது, எத்தனை மீட்டர் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும்? மூன்றுக்கும் விடை தெரிந்தவருக்குக் கருவியைத் தேர்ந்தெடுப்பது கடினமல்ல.