வெள்ளத்துக்குப் பின் குழந்தைகள் ஏன் விரைவில் துவண்டுபோகிறார்கள்?

வெள்ளம் வடிந்தாலும் ஆபத்து வடிவதில்லை. கழிவுநீர் குடிநீரில் கலக்கிறது, வயிற்றுப்போக்கு பரவுகிறது. முதலில் துவள்வது குழந்தைகளே. ஏன்?

கைக்குழந்தையின் எடையில் சுமார் 70 சதவீதம் நீர்தான். எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். அதனால் நீரிழப்பும் வேகம். முதிராத சிறுநீரகங்களால் நீரைப் போதிய அளவு தக்கவைக்க முடியாது. தாகத்தைச் சொல்லவும் தெரியாது.

எப்படிக் காப்பது? வெறும் தண்ணீர் போதாது. சிறுகுடல் சுவரிலுள்ள ஒரு புரதம், சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளிழுக்கிறது. கூடவே நீரும் செல்கிறது. வயிற்றுப்போக்கின்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலின் அடிப்படை இதுவே.

1971 வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவில் தங்கியிருந்த அகதிகளிடையே காலரா பரவியது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இக்கரைசலைத் தயாரித்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

வீட்டில் கொடுக்கும்போது, ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவு கொதித்து ஆறிய நீரில் முழுப் பொடியையும் கரையுங்கள். சிறிது சிறிதாக, கரண்டியால் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். 24 மணி நேரத்துக்குமேல் கரைசலை வைத்திருக்காதீர்கள். கண்கள் குழிவிழுந்தால், குழந்தை மயங்கிச் சோர்ந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மழைக்காலம் தொடங்குமுன்பே அவசரப் பையில் சில ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை எடுத்து வையுங்கள்.