நாய்க்கும் புற்றுநோயா?

“நாய்க்கும் புற்றுநோய் வருமா?” என்று கேட்டால் நம்மில் பலர் சிரிப்பார்கள். சென்ற ஆண்டு வரை நானும் சிரித்திருப்பேன்.

எங்கள் வீட்டு நாய் கறுப்பிக்கு இரத்தம் சொட்டத் தொடங்கியபோது, பருவத்துக்கு வந்திருக்கிறது என்று எண்ணி இருந்துவிட்டோம். ஒரு மாதம் கடந்தும் நிற்கவில்லை. பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போன்ற சதைக்கட்டி ஒன்று தெரிந்தது. “மனுசனுக்கே வைத்தியம் பாக்க வழியில்லை, எங்கேயாவது கொண்டுபோய் விட்டுட்டு வா” என்றார் அப்பா. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற கட்டியோடு இருந்த மணியை அப்படித்தான் கண்மாய்க்கரையில் விட்டு வந்தேன். இம்முறை மனம் வரவில்லை. கறுப்பியைச் சைக்கிளில் ஏற்றி அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சென்றேன்.

மருத்துவர் கண்ணாடித் தகடு ஒன்றைக் கட்டியின் மேல் ஒற்றி எடுத்தார். சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்து, “நீயும் பார் தம்பி” என்றார். வட்ட வட்டமான செல்கள். அவற்றின் சைட்டோபிளாசத்தில் சின்னஞ்சிறு குமிழ்கள். நாய்களிடையே தொற்றும் புற்றுநோய்க்கு இதுவே அடையாளம்.

புற்றுநோய் பொதுவாகத் தொற்றுவதில்லை. ஆனால் இந்நோயில், இணைசேரும்போதும் நக்கும்போதும் உயிருள்ள புற்றுச் செல்களே ஒரு நாயிடமிருந்து மற்றொன்றுக்குக் குடியேறி வளர்கின்றன. நாயின் செல்லில் 78 குரோமோசோம்கள் உண்டு. இக்கட்டியின் செல்லிலோ ஏறத்தாழ 60தான். உலகெங்கும் காணப்படும் இக்கட்டிகள் யாவும், முன்னொரு காலத்தில் வாழ்ந்த ஒரே விலங்கின் செல்களிலிருந்து வந்தவை என்று 2006இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மனிதருக்கு இது தொற்றாது.

மருந்தின் பெயர் வின்கிரிஸ்டின். வாரம் ஒரு முறை, நரம்பில் ஊசி. பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள். தாவரவியல் மாணவனாகிய எனக்கு வியப்பு இங்கேதான் காத்திருந்தது. இம்மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது! சுடுகாட்டுமல்லி என்று நாம் ஒதுக்கும் அதே செடிதான். செல் பிரிவதற்கு வேண்டிய கதிர்இழைகளை உருவாகவிடாமல் இம்மருந்து தடுக்கிறது. வெங்காய வேர்நுனியில் நாம் பார்த்துப் படம் வரைந்த மெட்டாஃபேஸ் நிலையிலேயே புற்றுச் செல் நின்று மடிகிறது.

அதற்காக யாரும் இலையைக் காய்ச்சிக் கொடுத்துவிடாதீர்கள், அது நஞ்சு. ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க ஏறத்தாழ அரை டன் உலர்ந்த இலை வேண்டும். ஊசி மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை அழுகும். வெள்ளணுக்களும் குறையுமாதலால் இரத்தப் பரிசோதனை செய்தே மருத்துவர் ஊசி போடுவார்.

இரண்டாம் ஊசியில் இரத்தம் நின்றது. மூன்றாம் வாரம் அப்பாவே சைக்கிளை எடுத்தார். ஐந்தாம் வாரம் கட்டி இருந்த இடமே தெரியவில்லை.

எல்லாப் புற்றும் இப்படிக் கரைவதில்லை. மடியில் தோன்றும் கட்டிகளுக்குப் பெரும்பாலும் அறுவையே வழி. அதையும் சிறிதாக இருக்கும்போதே செய்தல் நன்று. எந்தக் கட்டி என்பதை அறிந்தால்தானே எந்த வழி என்பது தெரியும்? ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டு நாய்க்குக் கட்டி கண்டால், கைவிடுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மணிக்கும் அன்று இந்த ஊசி இருந்தது. நான் போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான்.